பெரியப்பா கித்தாரும் நாலு மா நிலமும்

மாட்டுச் சந்தைக்குப் போறவன் முதல்ல மாட்டோட வாயைத்தான் திறந்து பார்ப்பான். விக்கிறவர் "இளம் மாடுங்க, இப்பத்தான் ரெண்டாவது ஈத்து" என்று ஆயிரம் சொல்லட்டும். கீழ்த்தாடையை விரிச்சுப் பார்த்தா விஷயம் தெரிஞ்சுடும். பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டிருந்தா ரெண்டு வயசு தாண்டியாச்சு. அப்புறம் நாலு பல், ஆறு பல். எட்டும் வந்துட்டா அது கடை சேர்ந்த மாடு. அதுக்கும் மேல போனா பல் தேய்மானம், கொம்பு வளையம் என்று வேற கணக்கு இருக்கு. விக்கிறவர் வாய் பொய் சொல்லும், மாட்டு வாய் சொல்லாது.

இந்தப் பதிவு மாட்டைப் பத்தி இல்லை. எங்க பெரியப்பா விட்டுட்டுப் போன ஒரு எலெக்ட்ரிக் கித்தாருக்கு நான் பல் பிடிச்சுப் பார்த்த கதை. மன்னார்குடிப் பக்கத்துல நெல்லு நடுறவனுக்கும் கித்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேப்பீங்க. சம்பந்தம் சிங்கப்பூர்.

எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா போனவங்க இருப்பாங்க. நாகப்பட்டினத்துல ராஜூலா கப்பல் ஏறினா பினாங்கு வழியா சிங்கப்பூர். 1926-ல் கட்டின கப்பல் அது, 1970-கள் தொடக்கம் வரைக்கும் நம்ம சனங்களை ஏத்தி இறக்கிக்கிட்டே இருந்துச்சு. பெரியப்பாவும் அதுலதான் போனார். செம்பவாங் என்ற இடத்துல வெள்ளைக்காரனோட கடற்படைத் தளம் இருந்தது. கப்பல் பழுது பார்க்கிற இடம். அங்க தமிழாளுங்க, மலையாளிங்க நிறைய பேர் வேலை பார்த்தாங்க. பெரியப்பாவுக்கு அங்க பெயின்ட் அடிக்கிற வேலை.

1971-ல் திரும்பி வந்தார். நாகப்பட்டினத்துல இறங்கினப்போ கையில ஒரு டிரங்குப் பெட்டி, தோள்ல ஒரு நீளமான கருப்புப் பெட்டி. அழைக்கப் போன எங்க அப்பா "அது என்ன துப்பாக்கியா?" என்று கேட்டாராம். திறந்தா கித்தார். அன்னைக்கு ஆரம்பிச்ச மனத்தாங்கல் பெரியப்பா கண்ணை மூடுற வரைக்கும் தீரலை.

ஏன்னா எங்க வீட்டுல அதுக்கு முன்னாடியே ஒரு கணக்கு இருந்தது. 1961 கடைசியில பெரியப்பா சிங்கப்பூர்ல இருந்து ஒரு கடுதாசி போட்டார். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. தெருவுல இருந்த வாத்தியார் படிச்சுச் சொன்னார். அதுல ஏதோ வெள்ளைக்காரப் பாட்டுக் கச்சேரி, கித்தார் என்று எழுதியிருந்ததாம். அடுத்த வருஷம் ஆடியில, தாத்தா வைத்தியத்துக்கும் அத்தை கல்யாணத்துக்குமாச் சேர்த்து நாலு மா நிலத்தை ஒத்தி வச்சாங்க. நாலு மான்னா நகரத்துக் கணக்குல ஒண்ணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. ஒத்தியைத் திருப்ப முடியலை. 1963 தையில அது கிரயமாவே போயிருச்சு. வாய்க்காலை ஒட்டின நிலம், முதல் தண்ணி பாயிற இடம்.

கடுதாசி தொலைஞ்சு போச்சு. ஆனா கித்தார் என்ற வார்த்தை மட்டும் வீட்டுல நின்னுச்சு. 1971-ல் கித்தாரைக் கண்ணால பார்த்ததும் அப்பா ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டார். "நிலம் முழுகுறப்போ அண்ணன் கித்தார் வாங்கி வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கு." இதை அவர் நேரா ஒரு நாளும் கேக்கலை. பெரியப்பாவும் ஒரு நாளும் சொல்லலை. ரெண்டு பேரும் ஒரே வரப்புல நடப்பாங்க, பேச்சு மட்டும் தண்ணி விடுறது, உரம் போடுறதோட நின்னுடும்.

பெரியப்பா கல்யாணம் பண்ணிக்கலை. மாட்டுக் கொட்டகைத் திண்ணையில ராத்திரி உக்காந்து வாசிப்பார். கரண்டு கித்தாருக்கு ஆம்ப்ளிஃபயர் வேணும், அது அவர்கிட்ட கிடையாது. கொசு ரீங்காரம் மாதிரி சன்னமா ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கிட்டே நான் தூங்கியிருக்கேன். ஒரே ஒரு தடவை கோயில் திருவிழாவுல சவுண்ட் சர்வீஸ்காரர் அவரோட செட்டுல மாட்டிக் கொடுத்தார். ஊரே திரும்பிப் பார்த்துச்சு. அப்பா மட்டும் எழுந்து வீட்டுக்குப் போயிட்டார்.

பெரியப்பா போனப்புறம் பெட்டி எங்க பரண்ல ஏறிச்சு. போன அறுப்பு முடிஞ்சு பரணைச் சுத்தம் பண்றப்போ என் பையன் அதை இறக்கினான். சென்னையில வேலை பார்க்கிற பையன். திறந்ததும் "அப்பா, இது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்!" என்றான். நம்ம வீட்டுக் கதைப்படி 1961 என்றேன். அவன் முகம் மாறிச்சு. "61-ன்னா விலையே வேறப்பா." சரி, விலைக்காகவாவது வயசைப் பார்ப்போம் என்றுதான் ஆரம்பிச்சோம்.

அதுக்கு முன்னாடி இதைச் செஞ்சவர் கதையைக் கொஞ்சம் சொல்லணும். லியோ ஃபெண்டர் 1909-ல் அமெரிக்காவுல கலிபோர்னியாவில பிறந்தவர். அப்பா அம்மா ஆரஞ்சுத் தோப்பு விவசாயிங்க. சின்ன வயசுலயே ஒரு கண்ணு போயிருச்சு. 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கடை வச்சார். கடைசி வரைக்கும் அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ஆனா வாசிக்கிறவங்க ரிப்பேருக்குக் கொண்டு வர்ற சாமானைப் பார்த்துப் பார்த்து எது உடையும், எது தேயும் என்று கத்துக்கிட்டார்.

அதுவரைக்கும் கித்தாரோட கழுத்தைப் பெரும்பாலும் உடம்போட பசை போட்டு ஒட்டித்தான் செய்வாங்க. கழுத்து வளைஞ்சா பெரிய செலவு. இவர் நாலு திருகாணி போட்டு முடுக்கிட்டார். மண்வெட்டிக்குக் காம்பு மாத்துற மாதிரி கழுத்தைக் கழட்டி வேற போட்டுக்கலாம். விவசாயி வீட்டுப் புத்தி என்று எனக்குத் தோணுது. 1950-ல் பிராட்காஸ்டர் என்று ஒண்ணு விட்டார். கிரெட்ஷ் என்ற கம்பெனி அந்தப் பேர் எங்களோடது என்று சொல்லவும் 1951-ல் அதுக்கு டெலிகாஸ்டர் என்று பேர் மாறிச்சு. 1954-ல் வந்ததுதான் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ரெண்டு கொம்பு, மூணு பிக்கப், கம்பியை அசைச்சு ஸ்வரத்தை வளைக்க ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியோட அன்னைக்கு விலை 249 டாலர் 50 சென்ட்.

1965 ஜனவரியில உடம்பு சரியில்லாத லியோ கம்பெனியை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்புக் கம்பெனிக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வித்துட்டார். அதுக்கப்புறம் தரம் குறைஞ்சுபோச்சு என்று வாசிக்கிறவங்க மத்தியில ஒரு பேச்சு. அதனால 65-க்கு முந்தினது என்றால் விலை பல மடங்கு. என் பையன் முகம் மாறினது இதுக்குத்தான்.

இப்போ பல் பார்க்கிற வேலைக்கு வருவோம்.

இதுல முதல் பாடம், நம்பரை நம்பக் கூடாது. கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்துல பின்னாடி ஒரு சின்ன இரும்புத் தகடு, அதுல ஒரு எண். அதை இஞ்சின் நம்பர் மாதிரி நெனச்சிட வேண்டாம். தகடெல்லாம் ஒரு பெட்டியில கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவாங்க. வரிசை முன்னப்பின்ன ஆயிடும். எங்க தகட்டுல பெருசா ஒரு எஃப் எழுத்து, மேல 1-ல் தொடங்குற ஆறு இலக்க எண். எஃப் தகடு வந்ததே 1965-ல்தான். எங்க எண் விழுற இடம் 1965 கடைசியில இருந்து 1967 வரைக்கும்.

இங்கேயே 61 ஆட்டம் கண்டுருச்சு. ஆனா தகட்டை யாரும் மாத்தியிருக்கலாமே? நாலு திருகாணிதானே. அதனால மேல பார்த்தோம்.

கித்தாரோட தலை, அதாவது முறுக்காணி இருக்கிற இடம். 1965 கடைசி வரைக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் தலை சின்னது. அதுக்கப்புறம் பெரிசாச்சு. எங்களோடது பெரிய தலை. அதுல ஃபெண்டர் என்ற பேர் தங்க நிறத்துல, கருப்புக் கரை கட்டி இருக்கு. 1968 வாக்கில் அதுவே கருப்பு எழுத்தா மாறிடுது. ஆக, தலை சொல்ற கணக்கு 65 கடைசிக்கு மேல, 68-க்குக் கீழ. முறுக்காணியில க்ளூசன் என்ற கம்பெனி பேர் இருக்கு. 1967 வாக்கில் ஃபெண்டர் தன்னோட எஃப் முத்திரை போட்ட முறுக்காணிக்கு மாறிடுச்சு. மேல் வரம்பு இன்னும் கொஞ்சம் இறங்கிச்சு.

உடம்புக்குப் பூசின வார்னிஷ் வெயில்ல காஞ்ச வயல் மாதிரி மெல்லிசா வெடிச்சிருக்கு. அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1968-ல் இருந்து கெட்டியான பாலியெஸ்டர் பூச்சு, அது இப்படி வெடிக்காது. இதுவும் ஒத்துப் போகுது.

அடுத்தது கழட்டிப் பார்க்கணும். எனக்கு பயம். டவுன்ல எங்களுக்குத் தெரிஞ்ச ரேடியோ மெக்கானிக் ஒருத்தர், இப்போ எல்.இ.டி. பல்பு ரிப்பேர் பண்றவர். அவர்கிட்ட கொண்டு போனோம். கம்பியைத் தளர்த்தி, நாலு திருகாணியையும் கழட்டி, கழுத்தைத் தூக்கினார். மரத்துல நீல மையில ரப்பர் ஸ்டாம்ப். முதல்ல 2, அப்புறம் இங்கிலீஷ்ல டிசம்பர் மாசத்துச் சுருக்கம், 65, கடைசியா பி என்ற எழுத்து.

"1965 டிசம்பர் 2-ந் தேதிண்ணே" என்றார் மெக்கானிக். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அப்படி இல்லை. இந்தத் தப்பைப் பல பேர் பண்ணியிருக்காங்க. அந்த 2 தேதி இல்லை, ஸ்ட்ராட்டோகாஸ்டர் கழுத்துக்கு அவங்க வச்ச குறி. கடைசியில இருக்கிற பி, கழுத்தோட மேல்முனை அகலம், ஒண்ணே அஞ்சு பை எட்டு அங்குலம். மாசமும் வருஷமும் மட்டும்தான் காலம். அதுவும் கழுத்துக்கு மட்டும். கழுத்தைச் செஞ்சு முடிச்சு, மாசக் கணக்குல அடுக்கி வச்சிருந்து அப்புறம் மாட்டுவாங்க.

கடைசியா, முன்பக்க வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பிடிச்சிருக்கிற பதினோரு திருகாணியையும் கழட்டித் திருப்பிப் போட்டார். அடியில மூணு வால்யூம் கன்ட்ரோல் மாதிரி சாமான், துணி சுத்தின ஒயர், பல்லாங்குழி முத்து மாதிரி ஈயப்பத்து. மெக்கானிக் பத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அண்ணே, இதுல ஒருத்தரும் கை வைக்கலை. முதல்ல வச்ச பத்து அப்படியே இருக்கு" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பெரிய சாட்சி.

அந்த வால்யூம் கன்ட்ரோல் முதுகுல ஏழு இலக்கம் குத்தியிருந்தது: 1376612. மூணுலயும் அதே எண்.

இது அமெரிக்காவுல ரேடியோ சாமான் செய்யறவங்க எல்லாரும் வச்சிருந்த பொதுக் குறி. முதல் மூணு இலக்கம் கம்பெனி. 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். பழைய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர்ல 220 இருந்தா அது ஜென்சன். அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம், கடைசி ரெண்டு இலக்கம் வாரம். 1950-கள்ல வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான், மொத்தம் ஆறு இருக்கும். எங்களோடது 66-ம் வருஷம், 12-வது வாரம். மார்ச் மாசக் கடைசி.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். விதைப் பொட்டலத்துல 2023 என்று போட்டிருந்தா, அதை 2022-ல் விதைச்சிருக்க முடியாது. ஆனா 2024-ல் விதைச்சிருக்கலாம். அதே மாதிரிதான் இந்த எண்ணும். இதுக்கு முன்னாடி இல்லை என்று மட்டும் அடிச்சுச் சொல்லும். அதுலயும் 1966-ல் ஃபெண்டர் இந்தச் சாமானை மொத்தமா வாங்கி அடுக்கிட்டாங்க. அந்த 66 எண் போட்டது 1969 வரைக்கும் கித்தார்ல வருது. அதனால இதை மட்டும் வச்சு 66 என்று முடிவு கட்ட முடியாது.

இப்போ எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. கழுத்து 65 டிசம்பர். கன்ட்ரோல் 66 மார்ச். தகடு 65-ல் இருந்து 67-க்குள்ள. முறுக்காணியும் பூச்சும் 67, 68-க்கு முந்தினது. ஒண்ணு ரெண்டு மட்டும் வேற காலத்தைச் சொன்னா, யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க என்று அர்த்தம். இங்க எல்லாரும் ஒரே பேச்சாப் பேசுறாங்க. ஈயப்பத்தும் தொட்டது இல்லை. மாட்டின காலம் 1966 ஏப்ரலுக்கு முன்னாடி போகாது. ரொம்பத் தள்ளினா 1967.

மெக்கானிக் கடை வாசல்ல நிக்கிறப்போ பையன் "விலை இறங்கிருச்சுப்பா" என்றான். எனக்கு அது காதுல விழுந்துச்சு, மனசுல ஏறலை. நான் வேற கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். நிலம் ஒத்தி போனது 1962. கிரயம் ஆனது 1963. இந்தக் கித்தார் செஞ்சதே 1966. நாங்க நிலத்தை இழந்து மூணு வருஷம் ஆனப்போ இது அமெரிக்காவுல மரமாத்தான் கிடந்திருக்கும்.

அப்போ 61 கடுதாசியில வந்த கித்தார் எது?

1961 நவம்பர்ல கிளிஃப் ரிச்சர்ட் என்ற இங்கிலாந்துப் பாட்டுக்காரர், ஷாடோஸ் என்ற தன் குழுவோட சிங்கப்பூர் வந்து கச்சேரி பண்ணினார். அந்தக் குழுவுல கித்தார் வாசிச்சவர் ஹேங்க் மார்வின். 1959 வரைக்கும் அமெரிக்க வாத்தியங்களை இங்கிலாந்துல இறக்குமதி பண்ணத் தடை இருந்தது. அந்த வருஷம் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவுல இருந்து இவருக்காக ஒரு சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வரவழைச்சுக் கொடுத்தார். அந்தக் கித்தாரோட அவங்க சிங்கப்பூர் மேடையில நின்னதைப் பார்த்து அங்க இருந்த பசங்களுக்குப் பைத்தியமே பிடிச்சுருச்சு. தெருவுக்குத் தெரு கித்தார் குழு. குவெஸ்ட்ஸ் என்ற உள்ளூர்க் குழு 1964-ல் பாட்டு வரிசையில பீட்டில்ஸையே கீழ தள்ளிட்டு முதல் இடத்துக்கு வந்துச்சு. இருபத்தாறு வயசு பெரியப்பா அந்த ஊர்லதான் இருந்தார். பார்த்ததை எழுதியிருப்பார். ஆசையா இருக்கு என்று எழுதியிருப்பார். இங்க வந்து சேர்றப்போ அது "வாங்கிட்டான்" என்று ஆயிருச்சு.

எனக்கு ஒண்ணு நல்லா ஞாபகம் இருக்கு. சின்னப் பையனா இருக்கறப்போ "இது எப்படிக் கிடைச்சுச்சு பெரியப்பா?" என்று கேட்டேன். "ஊரைக் காலி பண்ணிக்கிட்டுப் போன ஒரு கப்பல்படை வெள்ளைக்காரன் பாதி விலைக்குக் கொடுத்தான்டா" என்றார். வருஷம் சொல்லலை, நானும் கேக்கலை. இப்போ வருஷம் தானா வந்து நிக்குது. 1968 ஜனவரியில பிரிட்டன், 1971-க்குள்ள சிங்கப்பூர்ல இருந்து படையை எடுத்துடுவோம் என்று அறிவிச்சுச்சு. அந்த டிசம்பர்லயே தளத்துல இருந்த கப்பல் பழுது பார்க்கிற இடம் சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு மாறிச்சு. வெள்ளைக்காரங்க சாமானை வித்துட்டுக் கிளம்பினாங்க. குடியுரிமை இல்லாத நம்ம ஆளுங்களும் வேலை போய் ஊர் திரும்பினாங்க. அந்தக் கூட்டத்துலதான் பெரியப்பாவும் வந்தார். வேலை போகிற நேரத்துல, பத்து வருஷம் முன்னாடி பட்ட ஆசைக்கு ஒரு பழைய கித்தார். அவ்வளவுதான் அவர் பண்ணின குத்தம்.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லணும். பெரியப்பா 62-ல் வீட்டுக்கு எவ்வளவு பணம் அனுப்பினார் என்று இந்தக் கித்தார் சாட்சி சொல்லாது. நிலத்துக் காசுல கித்தார் வாங்கலை என்று மட்டும்தான் சொல்லுது. எங்க வீட்டுல அம்பது வருஷமா நின்ன வழக்குக்கு அது போதும்.

அப்பாவுக்கு இப்போ எண்பத்தி நாலு. சாயங்காலம் திண்ணையில உக்காந்திருந்தார். நான் மரத்துல இருந்த ஸ்டாம்ப்பைப் போன்ல படம் எடுத்து வச்சிருந்தேன். பெருசாக்கிக் காட்டி, "அறுபத்தஞ்சுன்னு போட்டிருக்குங்கப்பா. நம்ம நிலம் போனது அறுபத்தி மூணு" என்றேன். ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, காது கொஞ்சம் மந்தம். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"அப்ப அந்தக் கடுதாசியில அண்ணன் என்னதான்டா எழுதியிருந்துச்சு?" என்றார்.

நான் பதில் சொல்லலை. அவரும் என்கிட்ட கேட்ட மாதிரி தெரியலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அதை ஏன் பரண்ல போட்டு வச்சிருக்கீங்க, எலி கடிச்சிடப் போகுது. கீழ எடுத்து வை" என்றார். இப்போ அது அவர் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. விக்கிற பேச்சை பையனும் எடுக்கலை, நானும் எடுக்கலை. அடுத்த தடவை அவன் வர்றப்போ புதுக் கம்பி வாங்கிட்டு வர்றதா சொல்லியிருக்கான்.

உங்க வீட்டுலயும் தாத்தா வச்சிருந்த வால்வு ரேடியோ, ஆர்மோனியப் பெட்டி, கடிகாரம் என்று எதாவது கிடக்கும். எடுத்ததும் துடைச்சுப் பளபளப்பாக்கிடாதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க, பழைய பத்தை உருக்கிப் புதுசு வைக்காதீங்க. அந்த அழுக்குலயும் பத்துலயும்தான் வருஷம் இருக்கு. முதல்ல அப்படியே படம் எடுத்து வையுங்க. தெரிஞ்சவர் கையில கொடுத்துத் திறங்க. வீட்டுல யாரு மேலயாவது அந்தச் சாமானை வச்சு ஒரு பழைய வழக்கு இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே பாத்துடுங்க. நாங்க பார்த்தப்போ ஒருத்தர்தான் மிச்சம் இருந்தார்.